பழையாற்று வெள்ளத்துக்கு எந்தக் கணக்கில் பணம்?

2021 நவம்பர் இரண்டாம் வாரம் கொட்டிய மழையில் கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில் சந்திப்பு ரயில் யார்டு குளமாகிவிட்டது. இரணியலுக்கும் குழித்துறைக்கும் இடையே தண்டவாளத்தின்மேல் மண் சரிந்து, திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. மேற்கே குழித்துறைத் தாமிரபரணி வைக்கலூர் பக்கம் ஊருக்குள் ஏறியது. கிழக்கே பழையாறு தாழ்ந்த வயல்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. முதலமைச்சர் வந்து பார்த்தார். நிவாரணம் அறிவித்தார்கள். உடைந்த கரைகளில் மணல் மூட்டை அடுக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மறுபடியும் தென்மாவட்டங்கள் மூழ்கின. அந்த முறை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. காயல்பட்டினம் நாகர்கோவிலிலிருந்து நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. மேகம் கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வுக்குப் பழையாற்றையும் அது கடந்துபோகும் நாகர்கோவிலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. ஆனால் மாநகராட்சியின் எல்லை வேறு, ஆற்றின் வெள்ளப்படுகை வேறு. ஊருக்குள் தண்ணீர் வராமல் தாங்கி நிற்கும் வயல்களும் குளங்களும் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே, பக்கத்துப் பஞ்சாயத்துகளிலும் பேரூராட்சிகளிலும் கிடக்கின்றன. அங்கே ஒரு மனைப்பிரிவு வந்தால் அதன் விளைவு ஊருக்குள் தெரிகிறது. ஆனால் அதைத் தடுக்கும் அதிகாரம் மாநகராட்சிக்கு இல்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தைத் தடுக்கச் சுவர் கட்டுவதற்கு அரசிடம் ஒரு கணக்குத் தலைப்பு இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு ஒட்டுப்போட இன்னொரு தலைப்பு இருக்கிறது. வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் எந்தத் தலைப்பும் இல்லை. பழையாற்றின் கதை முழுக்க இந்த ஓட்டையைச் சுற்றியே நடக்கிறது.

எந்தத் தண்ணீர்?

வெள்ளம் வந்ததும் டீக்கடையில் முதலில் அடிபடுவது "பேச்சிப்பாறையைத் திறந்து விட்டுட்டான்" என்ற பேச்சு. குழித்துறைக்காரர் அதைச் சொன்னால் நியாயம் உண்டு. பேச்சிப்பாறை, கோதையாற்றின் குறுக்கே 1906-ல் கட்டி முடித்த அணை. முழு அளவு 48 அடி. பெருஞ்சாணி பரளியாற்றில் இருக்கிறது. அது 77 அடி. இரண்டிலும் மிகும் தண்ணீர் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறது.

பழையாறு வேறு ஆறு. சுருளோட்டில் தொடங்கி, பூதப்பாண்டி, தாழக்குடி, திருப்பதிசாரம், ஒழுகினசேரி, சுசீந்திரம் தாண்டி மணக்குடிக் காயலில் முடிகிறது. நாற்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. மலையில் பெய்தது சில மணி நேரத்தில் ஊருக்கு வந்துவிடும்.

இரண்டு ஆறுகளுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. பரளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பிக் கொண்டுவரப் பாண்டியர் காலத்திலேயே அணை கட்டிக் கால் வெட்டினார்கள். மழை குறைந்த கிழக்குப் பக்கத்தில் நாஞ்சில்நாடு நெல் விளைந்தது அந்தத் தண்ணீரால்தான். அனந்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு, தோவாளைச் சானல் எல்லாம் இந்த ஏற்பாட்டின் கிளைகள். ஆனால் இவை பாசன அளவுக்கு வெட்டியவை. மழை கனக்கும்போது தலைமதகை அடைத்துவிட்டால் அணைத் தண்ணீர் இந்தப் பக்கம் வராது.

அப்படி அடைத்த பிறகும் சானலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். காரணம் எளியது. சானல்கள் மலையடிவாரத்தை ஒட்டி, சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. மேலே இருக்கும் ஓடை, தோப்பு, சாலை, புது மனைப்பிரிவு எல்லாவற்றின் மழைநீரும் அதில்தான் விழுகிறது. பாசன வாய்க்காலின் இயல்பு, போகப் போகக் குறுகுவது. வழிநெடுக மடைகளில் தண்ணீர் பிரிந்துபோய்விடுவதால் கடைசியில் அகலம் தேவையில்லை. வடிகாலின் இயல்பு நேர்மாறு. வழிநெடுகத் தண்ணீர் வந்து சேருவதால் போகப் போக அகல வேண்டும். நாம் முதலாவதை வெட்டி வைத்துக்கொண்டு, அடைமழையில் அதனிடம் இரண்டாவதன் வேலையை வாங்குகிறோம். கரை தாங்காத இடத்தில் உடைகிறது. உடைந்த இடத்துக்குக் கீழே முன்பு இருந்தது வயல், இப்போது இருப்பது ஏதோ ஒரு 'நகர்' அல்லது 'கார்டன்'.

ஆக, நாகர்கோவிலை மூழ்கடிப்பது பெரும்பாலும் நாகர்கோவில் வட்டாரத்தில் பெய்யும் மழையும், மேலே நிரம்பி மறுகால் பாயும் குளங்களின் தண்ணீரும்தான். பேச்சிப்பாறையில் நீர்மட்டத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பது குழித்துறைக்கும் வைக்கலூருக்கும் உயிர்காக்கும் வேலை. ஒழுகினசேரிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாவட்டத்துக்கு ஒரே வெள்ளத் திட்டம் என்று எழுதும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. அணை மேலாண்மை பற்றி நாற்பது பக்கம் இருக்கும், குளத்து மறுகால் பற்றி நாலு வரி இருக்கும்.

பாலத்தடியில் நடப்பது

மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் இருக்கின்றன. ஒன்று நிரம்பினால் மறுகால் அடுத்ததற்குப் போகும், கடைசியில் ஆற்றுக்குப் போகும். சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. பறவைக்காகக் கிடைத்த அங்கீகாரம்தான்; வெள்ளக் கணக்கிலும் அவற்றுக்கு மதிப்பு உண்டு என்பதை அந்தப் பலகையில் யாரும் எழுதவில்லை. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களை மண்ணிட்டு நிரப்புவதை எதிர்த்து நீதிமன்றம்வரை போனவர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

குளத்திலும் ஆற்றிலும் மழைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிவது ஆகாயத்தாமரை. ஊர்ச் சாக்கடை கலக்கக் கலக்க அது கொழுக்கிறது. அமைதியான நாளில் பச்சைப் பாய் விரித்ததுபோல அழகாகத்தான் இருக்கும். வெள்ளம் வந்ததும் அந்தப் பாய் முழுசாகக் கிளம்பி வந்து பாலத்தின் கண்களில் அண்டும். முதலில் ஒரு கண் அடைபடும், பின்னால் வரும் வாழைத்தடையும் தென்னை மட்டையும் அதன்மேல் ஏறிச் சொருகிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பாலத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் ஒரு முழம் உயர்ந்தும், கீழ்ப்பக்கம் தாழ்ந்தும் நிற்கும். அந்த ஒரு முழம்தான் மேல்பக்கத்துத் தெருவுக்குள் போகிறது. அப்போது ஜேசிபி கொண்டுவந்து கரையில் நின்று கோருவார்கள். பாதி வரும், பாதி அடுத்த பாலத்துக்குப் போகும். செப்டம்பரிலேயே எடுத்திருந்தால் அதே ஜேசிபி அரை நாளில் முடித்திருக்கும்.

தடுப்பணைகளும் இதே கதைதான். பள்ளிகொண்டான், வீரநாராயணமங்கலம், சபரி, சோழன்திட்டை என்று பழையாற்றின் குறுக்கே வரிசையாக அணைகள் இருக்கின்றன. தண்ணீரை உயர்த்தி வாய்க்காலில் ஏற்றுவது இவற்றின் வேலை. வெள்ளத்தின்போதும் அவை அதே வேலையைச் செய்கின்றன என்பதுதான் பிரச்சினை. ஷட்டர் முழுசாக ஏறினால் ஆறு ஓரளவு தப்பிக்கும். திருகுக்கம்பி துருப்பிடித்திருந்தால் மேலே உள்ள வயல் மூழ்கும். மழைக்கு முன்னால் ஷட்டரை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதும், கிரீஸ் போடுவதும் எந்தத் திட்ட அறிக்கையிலும் பெருமையாக எழுதுகிற வேலையில்லை. அதனாலேயே நடப்பதில்லை.

மணக்குடிப் பொழி

ஆறு கடலில் சேரும் முகத்துக்குப் பொழி என்று பெயர். அங்கே அலை மணலைக் கொண்டுவந்து குவித்துத் திட்டு எழுப்புகிறது. ஆற்றில் ஓட்டம் குறைந்த மாதங்களில் திட்டு உயர்ந்து முகம் குறுகிவிடும். குமரிக் கடற்கரையில் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தண்ணீர் வடிவதைத் தீர்மானிப்பது ஓதத்தைவிட இந்த மணல்திட்டுதான். திட்டு ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், சுசீந்திரத்துக்குக் கீழே உள்ள தட்டையான வயல்களில் தண்ணீர் அந்த அளவுக்குத் தேங்கித்தான் நகரும்.

பொழியை வெட்டுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துத் திட்டின் குறுக்கே ஒடுக்கமாக ஒரு கால் வெட்டினால் போதும், காயல் தண்ணீர் அதை அரித்து அரித்துத் தானே அகலமாக்கிவிடும். நேரம்தான் முக்கியம். சீக்கிரம் வெட்டினால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி நெல்லைக் கெடுக்கும், அலையும் மறுபடி மூடிவிடும். தாமதித்தால் வயல் ஏற்கெனவே மூழ்கியிருக்கும். இது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மீனவர்களுக்கு ஒரு கணக்கு, விவசாயிகளுக்கு இன்னொன்று, வனத்துறைக்குக் கண்டல் காடு (அலையாத்திக் காடு) பற்றிய கவலை. காயலில் எத்தனை அடி வந்தால் வெட்டுவது, யார் உத்தரவு போடுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மழைநாளில் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பொழியைச் சரிசெய்யாமல் மேலே ஆற்றை அகலப்படுத்துவதில் பிரயோசனம் குறைவு. வேகமாக வந்த தண்ணீர் சுசீந்திரத்துக்குக் கீழே நின்றுவிடும். வெள்ள வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் பணம் மேலிருந்து கீழாக வருகிறது. சத்தம் எங்கே அதிகமோ அங்கே முதலில் நிற்கிறது. சத்தம் எப்போதும் ஊருக்குள்தான்.

நூறு ஏக்கர் வயலின் கணக்கு

இந்த ஆய்வில் நான் அதிகம் நேரம் செலவழித்தது இந்தக் கணக்கில். யாரும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சதுர கிலோமீட்டரில் 20 செ.மீ. மழை பெய்தால் 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர். எல்லாமே ஓடி வராது என்றாலும் மண் ஏற்கெனவே நனைந்திருக்கும் நவம்பரில் பெரும்பகுதி வரும். இப்போது 100 ஏக்கர் வயலை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு அடி, அதாவது 60 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 2.4 லட்சம் கன மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் ஊரில் பெய்த 20 செ.மீ. மழையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள நூறு ஏக்கர் வயல் போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அதை அள்ளுவதாக இருந்தால் 20,000 நடை.

அந்த வயலில் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) மொத்தமாக அழுகிப்போனது என்று வைத்துக்கொள்வோம். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிகளின்படி பாசன வயலுக்கு இழப்பீடு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு 6,900 ரூபாய்கூட வராது. நூறு ஏக்கருக்கும் சேர்த்து ஏழு லட்சத்துக்குள் முடிந்துவிடும். விதைப்பு, நடவுக் கூலி, உரம் என்று உண்மையான செலவு எங்கேயோ இருக்கிறது. அதனால் மூன்று மடங்கு கொடுப்பதாகவே வைப்போம். 21 லட்சம். இதே 2.4 லட்சம் கன மீட்டரைத் தேக்க, நிலம் வாங்கித் தோண்டிக் கரை கட்டி ஒரு குளம் புதிதாக எடுக்க 21 லட்சத்தில் முடியுமா? நிலத்தின் விலைக்கே காணாது. வயலில் தண்ணீர் ஏறுவதோ எல்லா வருடமும் நடப்பதில்லை.

அந்த நூறு ஏக்கர் மனைப்பிரிவாக மாறினால் இழப்பு இரண்டு மடங்கு. தேங்க இடம் போகிறது. கூடவே அந்த நிலத்தில் பெய்வதும் கூரையிலிருந்தும் கான்கிரீட் முற்றத்திலிருந்தும் உடனே ஓடி வருகிறது. வயல் மட்டத்தை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்த அடிக்கிற ஒவ்வொரு லோடு மண்ணும், அதே அளவு தண்ணீரைப் பக்கத்து வயலுக்கோ பக்கத்துத் தெருவுக்கோ தள்ளுகிறது. முதலில் வீடு கட்டியவர் மூன்றடி உயர்த்தினால், அடுத்து வருபவர் நாலடி உயர்த்துகிறார். முதலாமவர் வீட்டில் தண்ணீர்.

வயலை வெள்ளத்துக்கு விடு என்று சொல்வது எளிது, விடுகிற விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. இன்றைக்கு அவருக்குக் கிடைப்பது நஷ்டத்துக்குப் பிறகு வரும் நிவாரணம்: 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டும், இரண்டு ஹெக்டேர் வரைதான், பட்டா வேண்டும். நாஞ்சில்நாட்டில் பயிர் வைப்பவரில் நிறையப் பேர் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். பட்டா திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இருக்கும் ஒருவர் பேரில் இருக்கும். நஷ்டம் ஒருவருக்கு, காசு இன்னொருவருக்கு.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. கேரளத்தில் 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை நிரப்புவதற்கு அங்கே தடை உண்டு, மீறல்களும் உண்டு. 2020-ல் வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். தொகை சிறியதுதான். ஆனால் நெல் விளைவிப்பதற்கு அப்பால் வயல் இன்னொரு வேலையும் செய்கிறது, அதற்குக் கூலி உண்டு என்று ஒரு அரசாங்கம் எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. 1956 வரை இதே வயல்களும் அந்த வயல்களும் ஒரே அரசின் கீழ் இருந்தவை.

நெல்லிலும் செய்ய வேலை இருக்கிறது. வெள்ளத்தில் இரண்டு வாரம்வரை மூழ்கியும் பிழைக்கும் 'சப் 1' மரபணு கொண்ட ரகங்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு, சி.ஆர். 1009 சப் 1 டெல்டாவில் பழக்கமானது. ஆனால் அது ஐந்து மாதப் பயிர், இங்குள்ள கன்னிப்பூ, கும்பப்பூக் கணக்குக்கு நீளம். குறுகிய கால ரகத்தில் அந்தக் குணத்தை ஏற்றுவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. ஆராய்ச்சி நிலையம் திருப்பதிசாரத்தில், பழையாற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பணம் வரும் வழிகள்

15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஒரு ஏற்பாடு செய்தது. மாநிலப் பேரிடர் நிதியில் 100 ரூபாய் என்றால் 75 மத்திய அரசு, 25 மாநில அரசு. அந்த 100-ல் 80 ரூபாய் பேரிடர் வந்த பிறகான செலவுக்கும் ஆயத்தத்துக்கும். 20 ரூபாய் வருமுன் தணிப்பதற்கு. தணிப்புக்கென்று தனியாக எடுத்து வைத்ததே பெரிய மாற்றம். ஆனால் மாநிலம் முழுக்க, புயல், வறட்சி, நிலச்சரிவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 20. நிவாரணப் பிரிவில் உடைந்த கரையை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரலாம். அதைவிட நன்றாகக் கட்ட விதி இடம் தராது. இரண்டு அடி குட்டையாக இருந்ததால் உடைந்த கரையை, இரண்டு அடி குட்டையாகவே திருப்பிக் கட்டுவார்கள்.

தேசியத் தணிப்பு நிதி பெரிய நகரங்களுக்குப் போகிறது. 2023 டிசம்பரில் சென்னைக்கு 561 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அப்புறம் மும்பை, கொல்கத்தா என்று ஏழு பெருநகரங்களுக்கு விரித்தார்கள். அடுத்து வந்த பட்டியலில் திருவனந்தபுரம் இருக்கிறது. நாகர்கோவில் அளவுள்ள ஊர்களுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. மக்கள்தொகையை வைத்து வரிசைப்படுத்தினால் திறக்கவும் திறக்காது.

ஆற்றுக்கரை வேலைக்கென்று மத்திய அரசின் வெள்ள மேலாண்மைத் திட்டம் இருக்கிறது. பொதுவான மாநிலங்களுக்கு 60 சதவீதம் மத்திய பங்கு. அதற்குத் திட்டத்தின் நன்மை, செலவைவிட அதிகம் என்று காட்ட வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் அது வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஆற்றின் ஒரு கரையில் வயல், பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தில் 30 கோடி சேதம். ஆண்டுச் சராசரி 3 கோடி. அதைத் தடுக்கும் சுவருக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு சேர்த்து ஆண்டுக்கு 4 கோடி. விகிதம் 0.75, திட்டம் தள்ளுபடி. சரி, பத்து வருடம் போகட்டும். வயலில் முன்னூறு வீடு வந்துவிட்டது. அதே வெள்ளத்தில் சேதம் இப்போது 60 கோடி, சராசரி 6 கோடி, விகிதம் 1.5. திட்டம் பாஸ். வெள்ளப்படுகையில் வீடு கட்டக் கட்டத்தான் சுவருக்குப் பணம் கிடைக்கும் தகுதி வருகிறது. வயலாகவே வைத்திருந்த ஊருக்கு ஒன்றும் கிடையாது. அந்த முன்னூறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மனு கொடுப்பார்கள் என்பது தனிக் கதை. சுவர் வந்ததும் பயம் போய், பின்னால் இன்னும் முன்னூறு வீடு வரும். எதிர்க்கரைக்காரருக்குத் தண்ணீர் கூடும்.

சுவர் எந்த அளவு வெள்ளத்துக்குக் கட்டுவது என்பதிலும் தெளிவு வேண்டும். 25 வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால் இன்னும் 25 வருடத்துக்கு நிம்மதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு நாலு வாய்ப்பு. 20 வருட வீட்டுக் கடன் வாங்கியவர் கடன் முடிவதற்குள் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 56 சதவீதம். 100 வருட வெள்ளத்துக்கேகூட 18 சதவீதம். வங்கி மேலாளர் இதைச் சொல்வதில்லை, மனை விற்பவர் நிச்சயமாகச் சொல்வதில்லை.

நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு நிதியில் வெள்ளத் தடுப்புக்குக் கடன் உண்டு. மாநிலம் திருப்பிக் கட்ட வேண்டும். மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் 2.0-ல் நகரத்துக்குள் இருக்கும் நீர்நிலைகளைச் சீரமைக்கலாம். நடைபாதையும் விளக்கும் வருவதற்குத்தான் அதில் ஆர்வம் அதிகம். மாநகராட்சியின் சொந்த வரி வருவாய் தெருவோர ஓடையைத் தாண்டாது.

மார்ச் முதல் மே வரை

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் வெள்ள ஆயத்தம் என்றால் செப்டம்பர். இங்கே மே மாதத்திலேயே ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும், செப்டம்பரில் இன்னொரு சுற்று. சென்னையிலிருந்து வரும் சுற்றறிக்கை வடகிழக்குப் பருவமழையை மனதில் வைத்து எழுதியது. ஜூன் மாதத்தை அது கண்டுகொள்வதில்லை.

கோதையாறு பாசனத்தில் ஜூன் 1 முதல் பிப்ரவரி கடைசிவரை தண்ணீர் விடுவார்கள். ஆகவே சானல் காய்ந்து கிடக்கும், உள்ளே இறங்கி வேலை செய்யக்கூடிய மாதங்கள் மார்ச், ஏப்ரல், மே மட்டும். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. பழைய ஒதுக்கீட்டில் மிச்சம் இருந்தால் அவசரமாகச் செலவழிப்பார்கள். புதிய ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, ஒப்பந்தக்காரர் மிஷினைக் கொண்டுவருவதற்குள் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்துவிடும். 2019, 2021, 2024 ஏப்ரல்களில் தேர்தல் வேறு. நடத்தை விதி அமலில் இருக்கும்போது புது வேலை கிடையாது. நிதி கிடைத்தும் வேலை நடக்காத வருடங்களுக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. பராமரிப்புக்கு மட்டும் மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றை ஒருமுறை போட்டு, மார்ச் முதல் தேதி வேலை தொடங்கும்படி வைத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

சட்டம் எங்கே நிற்கிறது

வெள்ளப்படுகையை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் மாதிரிச் சட்ட முன்வடிவை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் என்று விரல்விட்டு எண்ணும் மாநிலங்கள்தான் சட்டமாக்கின. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உண்டு. அது நீர்நிலைப் புறம்போக்கைப் பற்றியது. ஆற்றை ஒட்டிய பட்டா வயலைப் பற்றி அது பேசாது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பிரித்து விற்ற அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்தபோது நீர்நிலைகளுக்கு விலக்கு வைத்தார்கள். வெள்ளம் ஏறும் வயல், சட்டத்தின் கண்ணில் நீர்நிலை அல்ல. நவம்பரில் ஒரு வாரம் மட்டும் அது நீர்நிலை.

பட்டா நிலத்தில் கட்டாதே என்று வெறும் தடையாகச் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்காது, நியாயமும் இல்லை. மகளின் கல்யாணத்துக்கு விற்கக் கையில் இருப்பது அந்த ஐம்பது சென்ட் மட்டும்தான் என்பவரிடம் ஊரைக் காப்பாற்று என்று சொல்ல முடியாது. அதனால்தான் தடையும் காசும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறேன். நெதர்லாந்து 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையை உயர்த்துவதற்குப் பதிலாகப் பின்னுக்குத் தள்ளியும், படுகையைத் தாழ்த்தியும் ஆற்றுக்கு இடம் விட்டது. நிலம் கொடுத்தவர்களுக்கு ஈடு கொடுத்தது. அங்கிருப்பதுபோல் பணம் இங்கே இல்லை. ஆனால் நமக்கு நிலத்தை வாங்கத் தேவையில்லை. வயலாக இருக்கட்டும், உழுது பயிர் வைக்கட்டும், வெள்ளம் ஏறும் வருடத்தில் பேசி வைத்த தொகை தானாக வரட்டும்.

எதை முதலில்

முதலில் மணக்குடிப் பொழிக்கு ஒரு நிலையான இயக்க விதியும் அதைச் செய்ய ஆளும். அடுத்து சுசீந்திரத்துக்குக் கீழே இருக்கும் தடைகள், பாலக்கண்கள். அதன்பிறகு தடுப்பணை ஷட்டர்கள். இவை மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஊருக்குள் ஒரு நீளச் சுவருக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. வேலை தெரிந்தவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன். சானல்களில் மழைநீர் விழும் இடங்களில், நிரம்பும் முன்பே ஆற்றுக்கோ குளத்துக்கோ திருப்பிவிடும் மறுகால்கள் கட்ட வேண்டும். உடைப்பு எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் அதே இடங்கள்தான், பிரிவு அலுவலகத்தின் பழைய பில்களைப் புரட்டினாலே பட்டியல் கிடைத்துவிடும். சுவர் கட்டியே தீர வேண்டிய இடமும் சில உண்டு: ஏற்கெனவே வீடு நிறைந்து, பின்வாங்க இடமில்லாத கரைகள். அங்கே கட்டட்டும். ஆனால் எதிர்க்கரையில் தண்ணீர் எவ்வளவு கூடும் என்ற கணக்கும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.

வயலுக்கான பணத்தை மாநிலத் தணிப்பு நிதியிலிருந்து எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வெள்ளம் ஏறும் ஏலாக்களை (வயல்வெளிகளை) சர்வே எண்ணோடு பட்டியலிட்டு, பட்டாதாரரும் பயிர் வைப்பவரும் பங்கு பிரித்துக்கொள்ளும்படி ஒப்பந்தம் எழுதி, மாநகராட்சி தன் பங்காக ஒரு பகுதியைப் போட வேண்டும். பலன் அடைவது ஊர்தானே. மாநகராட்சி தன் எல்லைக்கு வெளியே இருக்கும் பஞ்சாயத்து வயலுக்குப் பணம் கொடுக்க இன்றைக்குத் தணிக்கை விதி ஒத்துக்கொள்ளாது. ஒரு அரசாணை வேண்டும். அதில் நீர்வளத் துறை, வருவாய்த் துறை, நகராட்சி நிர்வாகம், வேளாண்மைத் துறை நான்கும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நான்கு துறைகளையும் கலெக்டர் ஆபீசில் ஒரே மேஜையில் உட்கார வைப்பது இப்போதைக்கு வெள்ளம் வந்த அன்றைக்கு மட்டும்தான் நடக்கிறது. பிப்ரவரி கடைசியில், சானல் அடைக்கும் வாரத்தில், அப்படி ஒரு கூட்டத்தை வைத்தால் அந்த வருடத்து மார்ச் வீணாகாது.